ரப்பர் மரக்கரியில் உலை போட்டேன், இரும்பு சிவப்பைத் தாண்ட மாட்டேன் என்கிறது

முடோன் தோட்டக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில் மோல்மேனுக்குத் தெற்கே முடோன் பக்கத்தில் இருக்கிறேன். அப்பா வைத்த ரப்பர் மரங்களுக்கு முப்பது வயதாகி, பால் குறைந்துபோய், போன வருடம் வெட்டினோம். பலகைக்கு ஆகிற அடிமரத்தை வியாபாரி ஏற்றிக்கொண்டு போனார். கிளைகளும் கொம்புகளும் வீட்டுக்குப் பின்னால் மலைபோல் கிடக்கின்றன. ரப்பர் மரம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், புழு அரிக்கும். அதற்குள் இதை எதற்காவது பயன்படுத்த வேண்டும்.

எனக்கு இரும்பு வேலையில் ஆசை. பால் வெட்டும் கத்தி, அரிவாள், மண்வெட்டி இவற்றை நானே அடித்துக்கொள்ள வேண்டும், பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் அடித்துத் தர வேண்டும் என்று நினைக்கிறேன். லாரியின் பிரேக் டிரம் ஒன்றை உலையாக வைத்திருக்கிறேன். அடியில் இரண்டு அங்குலக் குழாய். காற்றுக்குப் பழைய காரில் கழற்றிய ஊதுவிசிறி. கரண்டை நம்ப முடியாததால் அதை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுகிறேன். பட்டடைக்கு ஒரு தண்டவாளத் துண்டு.

கரியும் நானே சுட்டேன். 200 லிட்டர் டிரம்மில் கொம்புகளை நறுக்கிப் போட்டு, அடியில் ஓட்டை வைத்து, நெருப்பு நன்றாகப் பிடித்ததும் மூடி, சேறு பூசி, மறுநாள் காலையில் திறந்தேன். பார்க்கக் கரி மாதிரிதான் இருக்கிறது. சில துண்டுகளை உடைத்தால் உள்ளே பழுப்பாக இருக்கிறது.

பிரச்சினை இதுதான். அரை அங்குலக் கம்பி செக்கச்சிவப்பாகிறது, அதற்கு மேல் மஞ்சளுக்குப் போக மறுக்கிறது. காற்றைக் கூட்டினால் பொறி வாணவேடிக்கை மாதிரி பறக்கிறது. கம்பியின் மேல் செதிள் செதிளாக உரிகிறது. ஒரு கூடை கரி அரை மணி நேரத்தில் காலி. பொறுமையிழந்து விறகையே நேராகப் போட்டுப் பார்த்தேன். அடுத்த வீட்டு மோன் பாட்டி புகையில் இருமிக்கொண்டே வெளியே வந்தார். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

ரப்பர் மரம்தான் குற்றமா? சந்தையில் கரி விற்பவர், இரும்புக்கு ஐராவதி டெல்டாவிலிருந்து வரும் அலையாத்தி மரக்கரிதான் ஆகும், மற்றதெல்லாம் சோறு பொங்கத்தான் என்கிறார். உண்மையா?


சிரியம் வெல்டர் எழுதியது:

தம்பி, நான் சிரியத்தில் கிரில் கதவு வேலை செய்கிறேன். கம்பி வளைக்க கேஸ் உலை வைத்திருக்கிறேன். செங்கல்லை அடுக்கி நடுவில் பர்னர், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் மஞ்சள் நிறம் வந்துவிடும், புகை கிடையாது. கரியோடு மல்லுக்கட்டி நாளை வீணாக்க வேண்டாம். நிலக்கரியும் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். கந்தக நாற்றம் தாங்கவில்லை, அதைச் சொல்ல மாட்டேன்.


பெகு பழைய பட்டறை எழுதியது:

கேஸ் பற்றிச் சொன்னவர் தன் வேலைக்குச் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் வீட்டுக்குப் பின்னால் மலைபோல் விறகு கிடக்கிறவன் சிலிண்டர் சுமக்க வேண்டியதில்லை. நான் பெகுவில் 31 வருடம் கரியில்தான் அடித்தேன். என் அப்பாவும் கரிதான், அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறும்போது கையில் கொண்டுவந்ததும் ஒரு குறடும் சம்மட்டியும்தான். நிலக்கரி கொல்லன் உலைக்குள் வந்தது மிகவும் பிந்தி. ஈரோட்டுப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய இரும்பு உலைகளைத் தோண்டி எடுத்தார்களே, அதெல்லாம் மரக்கரிதான். ஆகையால் கரியில் சூடு போதாது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடு தம்பி. இரும்பைப் பொறி பறக்க எரித்துவிடும் அளவுக்குக் கரியில் சூடு இருக்கிறது. இன்னொன்று, கரியில் கந்தகம் இல்லை என்றே சொல்லலாம். கந்தகம் ஏறிய இரும்பைச் சிவக்கச் சுட்டு அடித்தால் விண்டுபோகும். இரண்டு இரும்பை அடித்து ஒன்றாக ஒட்டவைக்கிற வேலைக்கு நான் எப்போதும் கரியைத்தான் நம்புவேன்.

உன் மரத்தில் குற்றமில்லை. உலையின் வடிவமும் காற்றும்தான் தப்பு. கரியும் பாதி வெந்தது.

இரும்பு சிவப்பைத் தாண்டாவிட்டால் எல்லோரும் முதலில் காற்றைத்தான் கூட்டுவார்கள். மரக்கரிக்கு அதுதான் எமன். நெருப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார். குழாய் வாயில் வருகிற காற்றிலுள்ள ஆக்சிஜனை முதல் சில விரல்கடைக் கரி தின்று தீர்க்கிறது. உச்ச சூடு அந்த இடத்தில். அதற்குச் சற்று மேலே ஆக்சிஜன் தீர்ந்துபோன வெறும் கனல். இரும்பு இருக்க வேண்டிய இடம் அது. உன் பிரேக் டிரம் அகலமானது, கரி நாலாபக்கமும் பரவி மெல்லிய படுக்கையாகக் கிடக்கும். மெல்லிய படுக்கையில் பலமாக ஊதினால், தின்று தீராத ஆக்சிஜன் நேராகக் கம்பியில் வந்து அடிக்கும். நீ பார்த்த செதிள் அதுதான். இரும்பு அங்கே எரிந்துகொண்டிருக்கிறது, கூடவே காற்று அதைக் குளிரவும் வைக்கிறது. நிலக்கரி கனமானது, ஆழம் குறைவாக இருந்தாலும் சமாளிக்கும். மரக்கரி பஞ்சு மாதிரி. அதே சூட்டுக்கு ஆழம் அதிகம் வேண்டும்.

இப்படிச் செய். களிமண், மணல், சாம்பல் மூன்றையும் பிசைந்து டிரம்முக்குள் பூசி, நடுவில் ஒரு பள்ளம் மட்டும் விடு. உள்ளங்கை அகலம், ஒன்றரைச் சாண் நீளம் போதும். அடியில் வருகிற குழாயை அடைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து ஒரு அங்குலக் குழாயைக் கொண்டுவா. குழாயின் வாய் மண்ணுக்குள் இரண்டு விரல் உள்வாங்கியே இருக்கட்டும். வெளியே நீட்டினால் குழாயே உருகித் தேயும். மேலே இரண்டு பக்கமும் செங்கல் வைத்து உயர்த்தி, குழாய் வாய்க்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கரி நிற்கும்படி பார்த்துக்கொள். கம்பியைப் படுக்கையாக நுழை, குழாய்க்கு நாலு விரல் மேலே. அதற்கும் மேலே கரி மூடியிருக்க வேண்டும். எந்தக் கணமும் இரும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கரியை விலக்கித்தான் பார்க்க வேண்டும்.

காற்று எவ்வளவு என்றால், சூடான சோற்றை ஆற்ற வாயால் ஊதுவோமே, அந்த அளவு. உன் கார் விசிறி இதற்கு நாலு மடங்கு அதிகம். குழாயில் ஒரு ஓட்டை போட்டு, தகரத்தை நகர்த்தி மிச்சக் காற்றை வெளியே விடு. நீ சம்மட்டி பிடிக்கிற நேரத்தில் காற்று நிற்கட்டும். நிலக்கரி அணைந்துபோகும், மரக்கரி அணையாது, தானே கனன்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் விசிறி ஓடுவதுதான் உன் கூடை அரை மணியில் காலியாவதற்குப் பாதிக் காரணம். காலால் மிதிக்கிற ஒரு சுவிட்ச் வைத்துக்கொண்டால் பேட்டரிக்கும் நல்லது.

எங்கள் பட்டறையில் கரண்டே கிடையாது. இந்த ஊர் பர்மியக் கொல்லர்களான பன்பெக்காரர்களிடம் பார்த்திருப்பாய், ஆள் உயரத்துக்கு இரண்டு பருத்த மூங்கில்களை நட்டு, உள்ளே கோழி இறகு சுற்றிய தண்டுகளை மாற்றி மாற்றி அழுத்துவார்கள். அப்பா நம் ஊர்த் தோல் துருத்தியை விட்டுவிட்டு அதற்கு மாறினார். தோல் துருத்தி மூச்சு வாங்கும், இது இடைவிடாமல் மெல்லிசாக ஊதும். கரிக்கென்றே செய்தது மாதிரி. அதை அழுத்தியது முதலில் என் அம்மா, பிறகு என் மனைவி. நான் இரும்பை வெளியே இழுத்த கணமே அவள் கை நின்றுவிடும். அவள் ஊதிய நாட்களில் ஒரு மண்வெட்டிக்கு இரண்டு வீசை கரி ஆகும். அவளுக்கு உடம்பு முடியாமல் கூலிக்கு வந்த பையன் ஊதியபோது மூன்றரை. (சிரியக்காரருக்கு: எங்கள் பக்கம் கடையில் இன்னும் வீசைதான், 1.6 கிலோ சொச்சம். ஆங்கிலேயர் விஸ் என்று எழுதிக்கொண்டது நம் வீசையைத்தான்.)

சரி, கரிக்கு வருவோம். உள்ளே பழுப்பு இருந்தால் அது இன்னும் விறகு. உலையில் போட்டதும் முதலில் புகையும், சூட்டைத் தானே குடிக்கும். நீ சீக்கிரம் மூடிவிட்டாய். டிரம்மிலிருந்து வரும் புகையைப் பார்த்துக்கொண்டே இரு. முதலில் கெட்டியான வெள்ளைப் புகை, அது மரத்திலுள்ள தண்ணீர். பிறகு மஞ்சள் கலந்து கண்ணைக் கரிக்கும், அது தார். கடைசியில் மெல்லிய நீலமாகி, பிறகு கண்ணுக்கே தெரியாமல் அனல் மட்டும் அலையும். அப்போதுதான் மூட வேண்டும். முன்னால் மூடினால் பழுப்பு, பின்னால் மூடினால் சாம்பல். ராமநாதபுரத்தில் மூட்டம் போட்டுக் கரி சுடுகிறவர்கள் இந்தப் புகையைப் பார்ப்பதற்காகவே ராத்திரி முழுக்க மூட்டத்துக்குப் பக்கத்தில் படுத்திருப்பார்களாம், தாத்தா சொல்வார்.

விறகு காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் தன் தண்ணீரை விரட்டவே தன்னில் பாதியை எரித்துவிடும். நல்ல காய்ந்த விறகு நூறு வீசை போட்டால் இருபது வீசை கரி வந்தால் டிரம்முக்கு அது நல்ல கணக்கு. ரப்பர் கொம்பின் பட்டையை உரித்துவிடு. பொறி பறப்பதில் பெரும்பங்கு பட்டைதான், மிச்சம் ஈரம். உங்கள் பக்கம் வருடத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கரி காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துவிடும். எரிந்துகொண்டிருக்கும் உலைக்குப் பக்கத்திலேயே நாளைய கரியைக் காயவை.

மறுநாள் காலையில் திறந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அது மட்டும் வேண்டாம். முழுதாக ஒரு பகல் ஒரு இரவு, டிரம்மைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். நான் இருபத்திரண்டு வயதில் அவசரப்பட்டுத் திறந்து, மூட்டையில் கட்டி, கூரைக்கடியில் வைத்தேன். உள்ளே ஒரு கங்கு இருந்திருக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கத்தித்தான் எழுந்தோம். கூரையில் பாதி போயிற்று. கரியைப் புதிதாகத் திறந்தால் வெட்டவெளியில் பரப்பி ஒரு நாள் போட்டுவை.

விறகையே நேராகப் போட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். போடலாம், நான் போட்டிருக்கிறேன், கரி கிடைக்காத மழைக்காலத்தில் இரண்டு மாதம். ஆனால் உலைக்குள் திணிக்கக் கூடாது. தீப்பெட்டி அளவுக்கு வெட்டிய காய்ந்த துண்டுகளை மேட்டின் மேலே சுற்றிலும் அடுக்கு. அவை அங்கேயே வெந்து கரியாகி உள்ளே இறங்கும். புகை வரும்போதே தீப்பிடிக்கும்படி ஒரு சுடர் எப்போதும் மேலே இருக்கட்டும், புகை எரிந்துவிட்டால் பாட்டி இருமமாட்டார். இதைவிட நல்லது, பக்கத்தில் தனியாக ஒரு அடுப்பில் விறகை எரித்து, விழுகிற தணலை வாரி உலையில் போடுவது. மண்வெட்டி, கடப்பாரைக்கு இது தாராளம். முகம் பொசுங்கும், விறகு நிறையச் செலவாகும், உனக்குத்தான் மலைபோல் கிடக்கிறதே. அந்தக் குவியலில் பெயின்ட் அடித்த பலகை, மருந்து பாய்ச்சிய கம்பம் எதுவும் கலந்திருந்தால் தனியே எடுத்துவிடு, அதன் புகை விஷம். துத்தநாகம் பூசிய இரும்பையும் உலையில் வைக்காதே.

மழைக்கு நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி உள்ளே அடிக்காதே. கரி விடுகிற விஷவாயுவுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. தலை பாரமாகிற மாதிரி இருந்தால் அந்த நிமிடமே வெளியே வா. ஒருமுறை எனக்குக் கால் மடங்கிப்போய், மனைவிதான் இழுத்து மழையில் போட்டாள். குறைந்தது இரண்டு பக்கம் திறந்திருக்க வேண்டும்.


முடோன் தோட்டக்காரன் எழுதியது:

ஐயா, இதை மூன்று முறை படித்தேன். மிக்க நன்றி. நாளைக்கே மண் பிசைகிறேன். கரியை எந்த அளவுக்கு உடைக்க வேண்டும்? தூளை என்ன செய்வது? பால் வெட்டும் கத்திக்கு லாரிப் பட்டை (ஸ்பிரிங் பட்டை) எடுக்கலாமா, தோய்ச்சல், அதாவது கத்தியைச் சுட்டுத் தோய்த்துக் கடினமாக்குவது, கரி உலையிலேயே போட முடியுமா?


போகலே அக்கா எழுதியது:

நான் கொல்லர் இல்லை, டெல்டாவில் கரி விற்ற வீட்டில் பிறந்தவள். தம்பி கேட்ட இன்னொரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அலையாத்தி மரக்கரி நல்ல கரிதான். அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கனமாக இருக்கும், நெடுநேரம் நிற்கும், தட்டினால் வெண்கலம் மாதிரிச் சத்தம் வரும். எங்கள் அப்பா சூளை வைத்து கனசோ என்கிற அலையாத்தி மரத்தைச் சுட்டு ரங்கூனுக்குப் படகில் அனுப்பினார். ரங்கூன் அடுப்பெல்லாம் அப்போது டெல்டா மரத்தில்தான் எரிந்தது. எரித்து எரித்துக் கடற்கரை மொட்டையானது. 2008 மே 2ஆம் தேதி நர்கீஸ் புயல் வந்தபோது, கடலுக்கும் எங்கள் சித்தி ஊருக்கும் நடுவில் நிற்க மரமே இல்லை. தண்ணீர் கூரையைத் தாண்டி வந்தது. சித்தி வீட்டில் ஏழு பேர், ஒரே ஒரு தம்பி மிஞ்சினான். ஆற்று வளைவில் வெட்டாமல் விட்ட தோப்பின் கிளையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை இருந்திருக்கிறான். அப்பா அதற்குப் பிறகு சூளையைத் தொடவில்லை.

ஆகவே தம்பி, ரப்பர் மரம் வைத்துக்கொண்டு அந்தக் கரியை வாங்காதே. ரப்பர் தோட்டத்தை எப்படியும் வெட்டித் திரும்ப நடத்தான் போகிறாய். அதன் கொம்பில் சுட்ட கரியால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

கனமான கரிதான் வேண்டும் என்றால் கொட்டாங்கச்சி இருக்கிறது. குழியில் சுட்டால் அரை நாளில் முடிந்துவிடும். நாங்கள் இப்போது அதைத்தான் விற்கிறோம்.


பெகு பழைய பட்டறை எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை என் மகளைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நானும் அந்தக் கரியை வருடக்கணக்கில் வாங்கியவன். 2008க்குப் பிறகு புளி, தூங்குமூஞ்சி மரம், இருள் என்கிற மரத்தின் அறுவைத் துண்டு என்று மாறிக்கொண்டேன். புளியங்கரி அலையாத்திக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. கொட்டாங்கச்சிக் கரியும் உலைக்கு ஆகும், பற்றவைக்கத்தான் நேரமெடுக்கும். வளைந்த ஓடுகள் ஒன்றுக்குள் ஒன்று படிந்து காற்றை அடைக்காதபடி நொறுக்கி, மரக்கரியோடு பாதிக்குப் பாதி கலந்து போட வேண்டும்.

தம்பி, கரித்துண்டு பெரிய நெல்லிக்காய் அளவு. அதைவிடப் பெரிதானால் நடுவில் சந்து விழுந்து ஆக்சிஜன் மேலே ஏறும். சிறிதானால் காற்றே ஏறாது. சல்லடையில் சலித்துவிடு. தூளைச் சாணத்தோடு உருட்டிக் காயவைத்தால் அடுப்புக்கு ஆகும்.

லாரிப் பட்டை பால் கத்திக்கு நல்ல எஃகு. விரிசல் விழுந்த பட்டை வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத விரிசல் பக்கத்திலேயே இருக்கும். தோய்ச்சலுக்குக் கரி உலையைவிட நல்லது இல்லை. காற்றை முழுக்க நிறுத்திவிட்டுக் கனலிலேயே கத்தியை மெதுவாக நகர்த்து. ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு அடிக்கடி தொட்டுப் பார். 770 டிகிரி சுமாருக்கு இரும்பு காந்தத்தைப் பிடிப்பதை விட்டுவிடும். அதிலிருந்து இன்னும் ஒரு சாயல் சிவப்பு ஏறட்டும், உடனே எண்ணெய். தண்ணீர் வேண்டாம், லாரிப் பட்டை தண்ணீரில் விரிசல் விடும். பிறகு ஒரு பக்கத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, தணலுக்கு மேலே எட்டிப் பிடி. வைக்கோல் நிறம் வந்து, பழுப்பாகத் திரும்பும்போது எடுத்துவிடு. இதை வெயிலில் செய்யாதே. என் உலைக்கு மூன்று பக்கம் கூரை தாழ்வாக இருந்ததே நிறம் பார்ப்பதற்குத்தான்.


முடோன் தோட்டக்காரன் எழுதியது:

பதினைந்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பேட்டரி போய்விட்டது, அப்புறம் மழை.

ஐயா சொன்னபடி மண் பூசினேன். முதல் பூச்சு காய்வதற்குள் தீ வைத்ததால் வெடித்து உதிர்ந்தது. இரண்டாவதில் நெல் உமி கலந்து நாலு நாள் நிழலில் காயவைத்தேன், நிற்கிறது. டிரம்மின் புகை மெலிந்து நீலமாகிறவரை உட்கார்ந்து பார்த்தேன், மதியம் ஒன்றரை மணிக்கு வைத்த தீயை ஏழு மணிக்குத்தான் மூடினேன். ஒரு இரவும் ஒரு பகலும் தொடவில்லை. உடைத்தால் உள்வரைக்கும் கறுப்பு, விரலில் அவ்வளவாக ஒட்டவில்லை.

காற்றைக் கால்வாசியாகக் குறைத்ததும் உலை அணைந்துவிடும் என்றே நினைத்தேன். மூன்றாவது நிமிடம் கரியை விலக்கிப் பார்த்தேன். கம்பியின் முனை மஞ்சள். என் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது சுவிட்சை மிதிப்பது அவள்தான். முன்பு அரை மணிக்குப் போன கூடை நேற்று இரண்டு மணி நேரத்துக்கு வந்தது.

அக்கா, சந்தைக் கடைக்காரரிடம் நீங்கள் எழுதியதைச் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. என்னிடம் உபரிக் கரி இருந்தால் வீசைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மூட்டை கொண்டுபோகிறேன்.

ஐயா, ஒரே ஒரு கேள்வி மிச்சம். மூங்கில் துருத்தியின் தண்டுக்குக் கோழி இறகை எந்தப் பக்கம் சாய்த்துக் கட்ட வேண்டும்? இரண்டு மூங்கில் வெட்டிவைத்துவிட்டேன்.


பெகு பழைய பட்டறை எழுதியது:

நுனி கீழே பார்க்க, சுற்றிலும் நெருக்கமாக. அழுத்தும்போது இறகு விரிந்து மூங்கிலை அடைக்க வேண்டும், தூக்கும்போது மடங்கிக் காற்றை விட வேண்டும். சேவலின் கழுத்து இறகு எடு. கட்டியதும் ஒரு சொட்டு நல்லெண்ணெய்.